ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி

இரவு பத்தே முக்கால். மர அறுவை மில்லுக்குப் போகிற பழைய ரோடு.

மில்லை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அந்தப் பக்கம் லாரிகள் போவதில்லை. விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன, பல்புகள் இல்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரப் புதர். அந்த ரோட்டில் ஒரே ஒரு வண்டி... ஒற்றைக் கண் எரிகிற ஒரு பழைய வேன்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரத்தில் இருப்பவர் கதவைச் சாத்திவிட்டால் நல்லது.

இது நம் சிநேகிதன் ஒருவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். பழைய ரேடியோப் பெட்டியைக் காட்டினால் இன்ன வருஷத்துப் பெட்டி என்று சொல்லிவிடுவார். அதுதான் அவருக்குத் தொழில். எல்லோரும் அவரை வால்வுக்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவருடைய அப்பாவும் ரேடியோ ரிப்பேர்க் கடைதான் வைத்திருந்தார். அப்பாவுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வளைந்தே இருக்கும். கேட்டால், "ஒரு பெட்டியோட மூடி விழுந்துச்சு" என்பார். எந்தப் பெட்டி என்று மட்டும் கடைசி வரை சொன்னதில்லை.

வால்வுக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெட்டியைத் தொடுவதற்கு முன்னாலும் டயல் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். அந்த இடத்தில் சாக்பீஸால் சின்னதாக ஒரு கோடு போடுவார். வேலை முடிந்ததும் முள்ளைத் திருப்பிக் கொண்டுபோய் அதே கோட்டில் நிறுத்துவார். "கடைசியா கேட்டவங்க விட்டுட்டுப் போன எடம் அது. அதை மாத்த நாம யாரு?" என்பார். அவர் மனைவிக்கு இதில் பொறாமை. அன்றைக்குக் கிளம்பும்போது கூட, "என் சாவியை எங்க வெச்சேன்னு ஒரு நாளாவது ஞாபகம் வெச்சிருக்கீங்களா? அந்தப் பெட்டிங்க ஒண்ணையே கட்டிட்டு இருந்திருக்கலாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ராத்திரியில் போக வேண்டிய அவசரம் என்ன என்றால், அவர் பார்க்க வேண்டிய பெட்டி மில்லுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறது, அந்த வீட்டை இடிக்கிற ஆட்கள் மறுநாள் காலை ஏழு மணிக்கு வருகிறார்கள். கூப்பிட்ட அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒன்பது மணிக்குத்தான் அவருக்கு டியூட்டி முடியும்.

வேன் மில் வாசலைத் தாண்டியது. ஜன்னல் வழியாக வாசம் வந்தது... ஈரமான மரத்தூள் வாசம். அப்போதுதான் அறுத்தது போல. பன்னிரண்டு வருஷமாக ஒரு மரம் கூட அறுபடாத இடம் அது. வால்வுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

நர்ஸம்மா கையில் எமர்ஜென்சி விளக்கோடு வாசலில் நின்றிருந்தார். ஐம்பத்தேழு வயது. ஒல்லி. நேராக நிற்கிற உடம்பு. எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.

"கரண்ட் இல்லீங்க. மத்தியானமே லைன் ஆள் வந்து மீட்டரைக் கழட்டிட்டுப் போயிட்டாரு. பாத்து வாங்க, படியில ஓடு கெடக்கு."

வீடு காலி. மேஜை, கட்டில், கதவுகள் கூடப் போய்விட்டன. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. கூடத்து மூலையில் அது ஒன்றுதான் மிச்சம்.

ரேடியோகிராம்.

இடுப்பு உயரத்தில், ஒரு ஆள் படுக்கிற நீளத்தில் கறுத்த மரப் பெட்டி. இடது பக்கம் ரேடியோ. வலது பக்கம் கனமான மூடி. மூடியைத் தூக்கினால் உள்ளே இசைத்தட்டுச் சுற்றுகிற வட்டு, ஊசி மாட்டுகிற கை. கீழே துணி போர்த்திய ஸ்பீக்கர். நாலு காலிலும் இரும்புப் பட்டை போட்டுத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தது.

"யாரும்மா இப்படித் தரையில முடுக்கினது?"

"எங்கப்பாதான். அந்த மில்லோட முதலாளி. பெட்டியை ஒரு அங்குலம் நகர்த்த விட மாட்டாரு. மூடிக்குப் பூட்டு. சாவி அவர் இடுப்புலயே இருக்கும். அவரை அடக்கம் பண்ணி இன்னிக்கு முப்பது நாள். நேத்துதான் அவரோட துணிமணியை ஒழிச்சப்போ சாவி என் கைக்கு வந்துச்சு."

"விக்கிறதுன்னா..."

"விக்கிறதுக்கு இல்லீங்க. இது எந்த வருஷத்துப் பெட்டின்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

விளக்கைத் தரையில் வைத்துவிட்டுத்தான் அவர் மிச்சத்தைச் சொன்னார். நோயாளியின் கேஸைச் சொல்லுகிற மாதிரி, ஏற்றம் இறக்கம் இல்லாமல்.

"ஐம்பத்தேழாம் வருஷம், ஜூலை ஆறாம் தேதி. எனக்கு நாலு வயசு. அன்னிக்கு எங்கம்மா வேற ஒருத்தரோட ஓடிப்போயிட்டாங்கன்னு அப்பா சொன்னாரு. நான் அழுதுட்டே இருந்தேனாம். அதனால அந்த வருஷக் கடைசியில எனக்காக இந்தப் பெட்டியை வாங்கினாராம். ஆனா எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கு. இந்த மூடி தெறந்திருக்கு. ஒரு பொம்பளையோட கை ஊசியை எடுத்துத் தட்டு மேல வைக்குது. நான் அந்தக் கைக்குக் கீழ நிக்கிறேன். மேலேர்ந்து ஒரு முனகல் பாட்டு கேக்குது. கேட்டா, 'அது கனவு. பெட்டி வர்றதுக்கு முன்னாடியே அவ போயாச்சு'ம்பாரு. ஐம்பத்து மூணு வருஷம் இதையேதான் சொன்னாரு. சாகும்போதும் கடைசி வார்த்தை அதுதான்."

வால்வுக்காரர் பையிலிருந்து லென்ஸை எடுத்துக்கொண்டார்.

"பெட்டி அம்மா இருக்கும்போதே இந்த வீட்ல இருந்துச்சுன்னா அது கனவு இல்ல. அப்பா ஒரு பொய் சொல்லியிருக்காருன்னா, ஓடிப்போனாங்கங்கிறதும் பொய்யா இருக்கலாம் இல்லீங்களா? எங்கம்மா என்னை வேணாம்னு விட்டுட்டுப் போகலன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா..." கைக்குட்டையை நாலாக மடித்தார்.

பிறகு ஒரு தகர டப்பாவை நீட்டினார். எஃகு ஊசி டப்பா. மூடியில் வால்வுக்காரருடைய அப்பா கடையின் லேபிள் ஒட்டியிருந்தது. "இதை வெச்சுத்தான் உங்களைக் கண்டுபிடிச்சேன். நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப, வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ரேடியோ மாமா வருவாரு. வாசல்லயே நின்னு ஒரு டப்பா ஊசியை என் கையில குடுத்துட்டுப் போயிடுவாரு. காசு வாங்க மாட்டாரு. பெட்டியே பூட்டிக் கெடக்கு, ஊசி எதுக்குன்னு எனக்குப் புரியாது. ஆனா அவர் வந்தா எனக்கு சந்தோஷமா இருக்கும்."

"எங்கப்பாவா இருக்கும்" என்றார் வால்வுக்காரர். அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அப்பா இப்படி ஒரு நல்ல காரியம் செய்ததை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

வேலையைத் தொடங்கினார். முதலில் டயல் முள். சாக்பீஸ் கோடு. அப்புறம் கை துடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு விரலாக.

"எங்க தியேட்டர்ல டாக்டருங்க கூட இவ்வளவு நேரம் கை கழுவறது இல்ல" என்றார் நர்ஸம்மா. இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அன்றைக்குக் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

பின்பலகையைக் கழற்றினார். கம்பெனித் தகடு இருக்கும் இடத்தைப் பார்த்தார். தகடு இருந்தது. அதில் நம்பர் இல்லை... அரத்தால் ராவி எடுத்திருந்தது. வால்வுகளை வைத்துச் சொல்ல முடியாது. வால்வு பல்பு மாதிரி, போனால் மாற்றுவார்கள். சாவி போட்டு மூடியைத் தூக்கி நிறுத்தினார். வட்டு ஒரே வேகத்தில் சுற்றுகிற பழைய மாதிரி. அப்படிப்பட்ட பெட்டிகளைச் சில கடைகள் ஐம்பத்தேழு வரை கூட விற்றன. ஊசிக் கையில் எஃகு ஊசி. அந்தக் காலத்து ஊசி ஒரு பக்கம் பாடினாலே தேய்ந்துவிடும். அடுத்த பக்கத்துக்குப் புது ஊசி மாட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. மாட்டியிருந்த ஊசி மொட்டையாகத் தேய்ந்திருந்தது.

கடைசியாக ஸ்பீக்கர்.

அதன் இரும்புச் சட்டத்தில் கம்பெனி முத்திரை இருந்தது. ஐம்பத்தேழாம் வருஷம், இருபத்திரண்டாவது வாரம். அதாவது மே மாதக் கடைசி.

ஒரு பெட்டியில் பிறப்பிலேயே இருக்கிற பாகங்களில் எது கடைசியாகச் செய்யப்பட்டதோ, அதற்கு முன்னால் அந்தப் பெட்டி பிறந்திருக்க முடியாது. இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. ஆகவே கேள்வி ஒன்றுதான். ஸ்பீக்கர் பிறப்பிலேயே வந்ததா, யாராவது பிற்பாடு மாற்றியதா?

வால்வுக்காரர் லென்ஸ் வைத்து ஈயம் பற்றவைத்த இடங்களைப் பார்த்தார். உருண்டையாக, வழவழப்பாக, ஒரு துளி சிந்தாமல்... வயரை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே மடித்து... ரிப்பேர் கைகள் இத்தனை அழகாகச் செய்யாது. அப்பா செய்திருந்தால் பின்பலகையின் உள்பக்கம் பென்சிலில் தேதி எழுதியிருப்பார். எந்தப் பெட்டியிலும் அவர் அதை விட்டதில்லை. இந்தப் பலகையில் ஒன்றுமே இல்லை.

"கம்பெனி வேலைதான்" என்று முடிவு செய்தார்.

அங்கேதான் தப்பு. அந்த வேலை அவர் கண்ணுக்குச் சரியாகப் பட்டதற்குக் காரணம், அது அவர் கை செய்கிற வேலை போலவே இருந்ததுதான். இரண்டு சுற்று, உள்மடிப்பு. யாரிடம் பார்த்துப் படித்த வேலை அது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்... யோசிக்கவில்லை. நம் வீட்டு வாசம் நமக்குத் தெரியாது இல்லையா, அது போலத்தான்.

"அம்மா..." என்றார் மெதுவாக. "மே மாசக் கடைசிக்கு முன்னாடி இந்தப் பெட்டி கம்பெனியை விட்டே வந்திருக்காது. அப்புறம் கப்பல், ரயில், கடை எல்லாம் தாண்டணும். ஜூலை ஆறுக்குள்ள இங்க வந்திருக்க முடியாது. உங்கப்பா சொன்னது சரிதாங்க."

நர்ஸம்மா அழவில்லை. மடித்த கைக்குட்டையை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

"சரிங்க. அப்போ அது கனவுதான்."

அந்தக் குரலைக் கேட்டு அவருக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. பின்பலகையை மூடினார். பிளக் வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். போகிற அவசரத்திலும் வழக்கத்தை விடவில்லை. முன்பக்கம் வந்து டயல் முள்ளைச் சாக்பீஸ் கோட்டுக்குத் திருப்பினார்.

முள் கோட்டைத் தொட்டது.

டயலுக்குள் விளக்கு எரிந்தது. மஞ்சளாக.

கரண்ட் ஏது என்றுதானே கேட்கிறீர்கள்? மீட்டரே இல்லை. பிளக் அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது... அந்த வயர் சூடாயிற்று. கழுத்தில் யாரோ கை வைத்திருக்கிற மாதிரி இளஞ்சூடு.

சுர்ர்... என்று வட்டு சுற்றத் தொடங்கியது. மேலே தட்டு எதுவும் இல்லை. ஊசிக் கை தானாக எழுந்தது. தானாக நகர்ந்தது. வெறும் காற்றில், தட்டு இருந்தால் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், நின்றது.

கிர்க்... கிர்க்... கிர்க்.

ஒரு பெண் முனகினாள். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. குழந்தையைத் தட்டிக்கொண்டே வாய்க்குள் முனகுவார்களே, அது. நடுவில் ஒரு சின்னக் குழந்தை களுக்கென்று சிரித்தது.

"அது நான்" என்றார் நர்ஸம்மா. "அது நான்தாங்க."

அவர் பெட்டியை நோக்கி நடந்தார். "தொடாதீங்க!" என்று வால்வுக்காரர் அவருக்கு முன்னால் வலது கையை நீட்டினார், ஊசிக் கையைத் தூக்கி நிறுத்திவிடலாம் என்று.

ஸ்பீக்கருக்குள் கனமான செருப்புச் சத்தம். முனகல் நின்றது. ஒரு ஆண் குரல், தொண்டைக்குள்ளிருந்து:

"யாருக்குடி பாட்டு?"

மூடி இறங்கியது.

விழவில்லை. இறங்கியது. இரண்டு கைகள் பிடித்து முழு பலத்தோடு அடித்த மாதிரி. அவருடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விளிம்பில் மாட்டிக்கொண்டன. பச்சைக் குச்சி முறிகிற சத்தம். மூடி எழுந்தது. கையை இழுப்பதற்குள் மறுபடியும் இறங்கியது. அதே இரண்டு விரல். மூன்றாவது தடவை எலும்பு முறிகிற சத்தம் வரவில்லை. ஈரச் சத்தம்தான் வந்தது. மரத்தின் ஓரமாக ரத்தம் வழிந்து டயல் கண்ணாடியில் இறங்கியது. மஞ்சள் வெளிச்சம் சிவப்பானது.

அவர் கத்தினார். அவர் கத்தியதற்கு மேலே ஸ்பீக்கரில் ஒரு பெண் கத்தினாள். ஒரே நேரத்தில்... ஒரே இடத்தில் மூச்சு வாங்கி.

மூடி விரல்களை விட்டது. அவர் கீழே விழுந்தார். அவர் கண் முன்னால் நர்ஸம்மாவின் தலை பின்னால் வெட்டி இழுபட்டது. கொண்டை அவிழ்ந்தது. முடி மொத்தமும் நேராக, விறைப்பாக, யாரோ முறுக்கிப் பிடித்த மாதிரி காற்றில் நின்றது. பிடித்தவன் தெரியவில்லை. அந்த அம்மாள் நெஞ்சு தரையில் மோதக் கீழே விழுந்தார். இழுபட்டார். நகங்கள் சிமெண்டுத் தரையைக் கீறின. சுவரில் ஒரு தடவை மோதினார். நெற்றி பிளந்தது. மறுபடியும் இழுப்பு. கூடம் முழுக்க மரத்தூள் வாசம், வியர்வை வாசம்... முடி கருகுகிற வாசம்.

இழுப்பு எங்கே போகிறது என்று வால்வுக்காரருக்குப் புரிந்தது. முதலில் மூடி. அப்புறம் முடி. அடுத்து...

ஸ்பீக்கர். அதற்கு நேராகத்தான் அந்தத் தலையைத் தூக்கி ஓங்குகிறது.

அவர் பெரிய வீரர் இல்லை. மேடையில் பேசச் சொன்னால் கால் நடுங்குகிற மனிதர். கையில் இரண்டு விரல் தோலில் தொங்குகிறது. வாசல் அவருக்குப் பின்னால் திறந்துதான் கிடந்தது. "அந்த நேரத்தில் ஒன்றும் யோசிக்கவில்லை. ஒரு அம்மாவுக்கு அடிபடப் போகிறது என்று மட்டும் தெரிந்தது" என்று பிற்பாடு சொன்னார். தரையோடு உருண்டு போய், ஸ்பீக்கருக்கும் அந்தத் தலைக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்தார்.

முதல் இடி. விலா எலும்பு ஒன்று போயிற்று.

இரண்டாவது இடி. அவர் நகரவில்லை. நல்ல கையால் அந்த அம்மாளின் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். "கடவுளே, இந்தப் பொண்ணு பாவம்... இந்தப் பொண்ணு பாவம்..." என்று அது ஒன்றையே சொன்னார்.

மூன்றாவது இடியில் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் துணி நீளமாகக் கிழிந்தது.

எல்லாம் நின்றது.

டயல் விளக்கு அணைந்தது. வட்டு இரண்டு சுற்று சுற்றி ஓய்ந்தது. முடியைப் பிடித்திருந்தது விட்டுவிட்டது. எமர்ஜென்சி விளக்கு மட்டும் ஒரு மூலையில் கவிழ்ந்து எரிந்துகொண்டிருந்தது. இருவர் மூச்சுச் சத்தம். நர்ஸம்மாதான் முதலில் அசைந்தார். நெற்றி ரத்தத்தைத் துடைக்காமல், கைக்குட்டையை விரித்து அவர் விரல்களில் கட்டினார். "அசைக்காதீங்க. நெஞ்சுக்கு மேல தூக்கிப் பிடிங்க" என்றார். கை பழக்கத்தில் வேலை செய்தது.

அப்போதுதான் வால்வுக்காரர் திரும்பிப் பார்த்தார். கிழிந்த துணிக்குப் பின்னால் ஸ்பீக்கர் மாட்டிய பலகை. அதில் வெளியே தெரியாத இடத்தில், துணி மூடி மறைக்கிற இடத்தில், பென்சில் எழுத்து. சின்னச் சின்ன எழுத்து, கடைசி வரிகள் மட்டும் விரல் பிடிக்காமல் கோணியிருந்தன. அவருக்குத் தன் கையெழுத்தை விட நன்றாகத் தெரிந்த எழுத்து.

அவர் படித்தார். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் நர்ஸம்மா. அவருடைய மூக்குக் கண்ணாடி எங்கேயோ நொறுங்கிக் கிடந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீட்டில் அதை விடப் பயங்கரமான நிமிஷம் வேறில்லை. 'ஒண்ணும் இல்லம்மா, கம்பெனி முத்திரை' என்று அவர் சொல்லியிருக்கலாம். காலையில் பெட்டி உடைந்துவிடும். அப்பா பெயர் பிழைத்துவிடும். யாருக்கும் தெரியாது.

"இது எங்கப்பா கையெழுத்தும்மா" என்றார். பிறகு ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

"எட்டு, ஏழு, ஐம்பத்தேழு. மூன்று வருஷம் முன்னால் நானே இங்கே கொண்டுவந்து வைத்த பெட்டி. இன்று ஸ்பீக்கர் மாற்றினேன். பழையது உள்ளே நசுங்கி, ரத்தம், பெண் முடி. கேட்டேன். முதலாளி மூடியை என் கை மேல் இறக்கினார். நான் யாரிடமும் சொல்லவில்லை. கடவுள் இதைப் படிக்கட்டும்."

நர்ஸம்மா விரல் விட்டு எண்ணினார். பிறகு கேட்டார்:

"எட்டாம் தேதி... அம்மா போனதா சொன்னதுக்கு ரெண்டு நாள் கழிச்சு."

"ஆமாம்மா."

"அப்போ அது கனவு இல்ல."

"இல்லம்மா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். எங்கப்பா பத்தவெச்ச ஈயத்தை நான் கம்பெனி வேலைன்னு நெனச்சுட்டேன். ஸ்பீக்கர் மட்டும்னா ஏர் பார்சல்ல ஒரே மாசத்துல கடைக்கு வந்திருக்கும். மன்னிச்சிடுங்க... எங்கப்பாவுக்கும் சேத்து."

அந்த அம்மாள் தவழ்ந்து போய்ப் பெட்டியின் மரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டார். நாலு வயதுப் பிள்ளை நிற்கிற உயரத்தில். அப்போதுதான் அழுதார். "வருஷா வருஷம் ஊசி கொண்டு வந்து குடுத்தாரே உங்கப்பா... அவர நல்லவர்னு நெனச்சேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பவும் பாதி அப்படித்தான் நெனைக்கிறேன்" என்றார்.

ஒரு டப்பா ஊசி கொடுத்தது அன்புதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் ஒரே ஒரு வார்த்தை கொடுத்திருக்கலாம். அது போகட்டும், செத்தவர்களுக்கு நாம் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

காலை ஏழு மணிக்கு இடிக்கிற ஆட்கள் வந்தார்கள். இரும்புப் பட்டையை அறுத்துப் பெட்டியை நகர்த்தினார்கள். அடியில் சிமெண்டு வேறு நிறத்தில் இருந்தது. ஒரு ஆள் நீளம், ஒன்றரை முழ அகலம். மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுப் போலீஸுக்குப் போன் செய்தார். மூன்றடி ஆழத்தில் நர்ஸம்மாவின் அம்மா இருந்தாள். ஓடிப்போகவில்லை. மகள் ஐம்பத்து மூன்று வருஷமாக நடந்த தரைக்குக் கீழேதான் படுத்திருந்தாள். மண்டை ஓடு இடது பக்கம் உள்ளே போயிருந்தது. வலது கையில் ஆள்காட்டி விரல் எலும்பும் நடுவிரல் எலும்பும் நொறுங்கியிருந்தன.

வால்வுக்காரருக்கு விரல்கள் ஒட்டின. ஆனால் வளைந்தே இருக்கின்றன, அவர் அப்பாவுக்கு இருந்த மாதிரி. ஒரே மூடி, மூன்று பேருடைய அதே இரண்டு விரல்கள்.

பெட்டியைப் போலீஸ் திருப்பிக் கொடுத்ததும் நர்ஸம்மா தன் புது வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். "அம்மா கடைசியா கேட்ட பாட்டு பாதியில நின்னுபோச்சு. முடிக்கட்டும்" என்றார். மூடியை இப்போது பூட்டுவதில்லை. தினமும் படுக்கப் போகும்போது, அந்த ரேடியோ மாமா கொடுத்த டப்பாவிலிருந்து ஒரு புது ஊசியை எடுத்து மாட்டுகிறார். தட்டு எதுவும் வைப்பதில்லை. காலையில் பார்த்தால் ஊசி தேய்ந்திருக்கிறது.

ராத்திரியில் முனகல் கேட்குமாம். அந்த அம்மாளுக்கு அதில் பயமில்லை. அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூங்குகிறாராம்.

போன மாதம் வால்வுக்காரர் அவரைப் பார்க்கப் போயிருந்தார். தேய்ந்த ஊசிகளை நர்ஸம்மா ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்திருந்தார். அவர் ஒன்றை எடுத்து லென்ஸில் பார்த்தார். பழைய இசைத்தட்டு அரக்கில் செய்தது. ஊசி தேய்கிற போது உதிருகிற பொடி கறுப்பாக இருக்கும். இந்த ஊசியின் நுனியில் பொடி இருந்தது... வெள்ளையாக.

அடுத்த ஊசி. அதிலும் வெள்ளை. கிண்ணம் முழுக்க வெள்ளை.

"இது தட்டுல தேய்ஞ்ச ஊசி இல்லம்மா" என்றார். "எதுல தேய்ஞ்சதுன்னு தெரியல."

நர்ஸம்மா தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். குரலில் ஏற்றம் இறக்கம் எதுவும் இல்லை.

"எனக்குத் தெரியும்ங்க. முப்பது வருஷம் தியேட்டர்ல நின்னிருக்கேன். எலும்பை ராவும்போது இந்தப் பொடிதான் பறக்கும்."

ஊசிக் கிண்ணத்தை மூடி வைத்தார்.

"அப்பாவோட சமாதி போன வாரம் ஒரு பக்கமா உள்ள எறங்கிடுச்சுன்னு கல்லறைக் காவல்காரர் வந்து சொன்னாரு. டப்பாவுல இன்னும் நாப்பது ஊசி இருக்கு."